மினி பிசியா, ஆல் இன் ஒன்னா? டேலிக்கும் ஜிஎஸ்டிக்கும் மட்டும், பட்ஜெட் 35,000

கேள்வி: கணக்குப்பிள்ளை, குடியாத்தம்

வணக்கம். குடியாத்தத்தில் வீட்டில் உட்கார்ந்தபடியே கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பாதிக்கு மேல் கைலி வியாபாரிகள். அப்புறம் ஒரு தீப்பெட்டி யூனிட், ஒரு பாத்திரக்கடை, பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு மெடிக்கல். டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேர், ஜிஎஸ்டி ரிட்டர்ன், பேங்க் ஸ்டேட்மென்டை எக்செலில் இறக்கிச் சரிபார்ப்பது, இவ்வளவுதான் வேலை. பையன் பதினொன்றாவதில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருக்கிறான். இந்த வருடம் சி பிளஸ் பிளஸ், அடுத்த வருடம் பைதான். அதற்குப் பெரிய மிஷின் தேவையில்லை என்று அவனே சொல்லிவிட்டான். கேம் பற்றி அவனும் வாயைத் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பழைய அசெம்பிள்டு சிபியு படுத்துவிட்டது. பட்டனை அழுத்தினால் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. மதர்போர்டு போய்விட்டது, அந்தக் காலத்துப் போர்டு இனிமேல் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் அதில் காசு போடாதீர்கள் என்றார் பார்த்தவர். டேலி டேட்டா பென் டிரைவில் பேக்கப் இருந்ததால் தப்பித்தேன். இப்போதைக்குத் தம்பியின் லேப்டாப்பில் ஓடுகிறது. அவன் எவ்வளவு நாள்தான் பொறுப்பான்? மாதாமாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர் 1, 20ஆம் தேதி 3பி, இரண்டும் ஜிஎஸ்டி ரிட்டர்னுக்கான கெடு. அந்த நேரத்தில் மிஷின் நின்றால் பார்ட்டிக்கு லேட் ஃபீ விழும், எனக்குப் பேர் கெடும்.

வேலூரில் ஒரு கடையில் இரண்டு காட்டினார்கள். ஒன்று ஆல் இன் ஒன், அதாவது திரைக்குள்ளேயே கம்ப்யூட்டர்: 22 இன்ச், ஐ3 பிராசஸர், 8 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, கீபோர்டு மவுஸோடு 38,500. இன்னொன்று டிபன் பாக்ஸ் அளவு ஒரு மினி பிசி: என்100 என்று ஏதோ பிராசஸர், 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி, 15,500. அதற்கு மானிட்டர் தனி, 7,200. விலையைப் பார்த்தால் மனசு டப்பா பக்கம் போகிறது. ஆனால் இத்தனை வருடக் கணக்கை இந்தச் சின்னப் பெட்டி இழுக்குமா என்று பயமாகவும் இருக்கிறது.

நாத்தனார் வீட்டுக்காரர் ஆம்பூரில் ஷூ கம்பெனி ஆபீஸில் இருக்கிறார். அங்கே எல்லா மேஜையிலும் ஆல் இன் ஒன்தானாம். "ஒரே ஒயர், துடைத்தால் சுத்தம், யோசிக்காமல் வாங்கும்மா" என்கிறார். தம்பியைக் கேட்டால் ஆல் இன் ஒன் என்ற பேச்சையே எடுக்காதே என்கிறான், காரணம் கேட்டால் "அது அப்படித்தான்" என்கிறான்.

என் நிலவரம்: ஹாலில் ஜன்னலோரம் ஒரு மேஜை, அதில் பாதி தையல் மிஷினுக்குப் போய்விடும். பின்தெருவில் தறி ஓடுகிறது, பஞ்சும் தூசியும் வரும். கரண்ட் போகும், வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் ஒன்று இருக்கிறது, பின்னால் அந்த அகலமான பழைய கனெக்ஷன் மட்டும்தான். இரண்டு பார்ட்டியின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் என்னிடம்தான், அடிக்கடி செருகிக் கழற்ற வேண்டும்.

விற்கிறவர்கள் சொல்வதைக் கேட்டாகிவிட்டது. வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.


மறுமொழி: ஸ்க்ரூடிரைவர், வேலூர்

அக்கா, நான் வேலூரில் சர்வீஸ் பார்க்கிறவன். விற்பனை கிடையாது, நீங்கள் எதை வாங்கினாலும் என் பாக்கெட்டுக்கு ஒன்றும் வராது. வாங்கிய பிறகு வேண்டுமானால் வரும்.

கடையில் காட்டிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை பார்க்காதீர்கள். இரண்டும் ஒரே தரத்துப் பொருள் இல்லை. என்100 என்பது இன்டெல் 2023இல் கொண்டுவந்த சிக்கனப் பிராசஸர். உள்ளே நான்கு கோர் (வேலையைச் செய்கிற பகுதி), நான்கும் மின்சாரம் மிச்சம் பிடிக்கிற சின்ன கோர், 6 வாட் ரகம். டேலியை அது தாராளமாக ஓட்டும், அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ஒரு பக்கம் பெரிய எக்செல், இன்னொரு பக்கம் பிரவுசரில் ஜிஎஸ்டி போர்ட்டல், பேங்க், மெயில், வாட்ஸ்அப் வெப் என்று வரிசையாகத் திறந்து வைத்தால் மூச்சு வாங்கும். ரேமுக்குப் பெரும்பாலும் ஒரே ஸ்லாட்தான். 8 போதவில்லை என்றால் அதைக் கழற்றிவிட்டு 16 போட வேண்டும், பழையது வீண். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் வாங்கும்போதே 16 கேளுங்கள்.

ஆல் இன் ஒன்னில் "ஐ3" என்று ஒட்டியிருப்பார்களே, அதன் முழு எண்ணைக் கேளுங்கள். 1215 அல்லது 1315, கடைசியில் யு என்று இருந்தால் அது லேப்டாப் சிப். தப்பில்லை, என்100ஐவிட நன்றாகவே வேகம். ஆனால் டெஸ்க்டாப் வாங்குகிறோம் என்று நினைத்து, மானிட்டருக்குப் பின்னால் ஒட்டிய லேப்டாப்பை வாங்குகிறோம், பேட்டரி இல்லாமல். இது தெரிந்து வாங்கினால் சரி. ஏஎம்டி கம்பெனியின் ரைஸன் 3 7320யு பிராசஸர் போட்ட மாடல் காட்டினால் இன்னொன்றும் கவனியுங்கள்: அதில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது, 8 என்றால் கடைசிவரை 8தான்.

இப்போது நியாயமான ஒப்பீடு. அதே 1215யு, 1315யு போட்ட மினி பிசியும் கிடைக்கிறது. 16 ஜிபி, 512 எஸ்எஸ்டியோடு அதற்கு விலை கேளுங்கள், மானிட்டரைக் கூட்டுங்கள். ஆல் இன் ஒன்னுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆகவே பணம் மிச்சம் என்பதற்காக மினி வாங்காதீர்கள். நான் மினி சொல்வது வேறு காரணத்துக்கு.

என் மேஜைக்கு வருகிற ஆல் இன் ஒன் எப்படி வரும் தெரியுமா? "சார், கொஞ்சம் சத்தம் வருது, சூடாகுது, அப்பப்ப நின்னுடுது." ஃபேன் தூசி அடைத்திருக்கும், வேலை அவ்வளவுதான். அந்த ஃபேனை அடையத்தான் பாடு. முதலில் ஸ்டாண்டைக் கழற்ற வேண்டும். திரையைக் குப்புறப் போர்வைமேல் படுக்க வைத்து, பின்மூடியைச் சுற்றியுள்ள கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்ப வேண்டும். நாலு கோடை பார்த்த பிளாஸ்டிக்கில் ஒன்றிரண்டு கிளிப் கையோடு வந்துவிடும், மாற்றுக் கிளிப் தனியாக விற்பதில்லை. உள்ளே ஸ்பீக்கர் ஒயர், கேமரா ஒயர், திரைக்குப் போகிற தலைமுடி மாதிரி மெல்லிய கேபிள். அது ஒரு மடிப்பு மடிந்தால் திரையில் கோடு. இத்தனையும் தாண்டி ஃபேனைக் கழற்றினால், உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வருவதில் ஃபேனுக்கும் அலுமினியத் தகடுக்கும் நடுவில் பஞ்சு அடையாகப் படிந்திருக்கும். ட்வீசரால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக வரும், திரிக்குப் போடலாம்.

மினி பிசியிலும் அதே பஞ்சுதான் அடைக்கும், இன்னும் சீக்கிரமாகவே அடைக்கும், ஃபேன் சின்னது. ஆனால் அடியில் நாலு ஸ்க்ரூ, மூடி வந்துவிடும். பிரஷ்ஷும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் உங்கள் பையனே செய்வான். மறக்காமல் கரண்டைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு ஊதச் சொல்லுங்கள்.

அடுத்தது அந்த 20ஆம் தேதி விஷயம். மினி பிசி வைத்திருக்கிறீர்கள், 19ஆம் தேதி ராத்திரி மானிட்டர் போகிறது. வீட்டு டிவியில் எச்டிஎம்ஐ ஒயரைக் குத்தி வேலையை முடிப்பீர்கள். பெட்டியே போகிறது என்றால் மானிட்டரைத் தம்பியின் லேப்டாப்பில் மாட்டுவீர்கள். ஆல் இன் ஒன்னில் திரை மட்டும் போனால், எச்டிஎம்ஐ அவுட் இருக்கிற மாடலாக இருந்தால் டிவியில் மாட்டலாம், அது வரைக்கும் பரவாயில்லை. போர்டு போனால்தான் வயிற்றெரிச்சல். கண்ணாடி மாதிரி நல்ல திரை இருக்கும், ஒன்றுக்கும் உதவாது, ஏனென்றால் பெரும்பாலான மாடலில் வெளியிலிருந்து படம் உள்ளே வாங்குகிற எச்டிஎம்ஐ இன் கிடையாது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "எச்டிஎம்ஐ இன்னா, அவுட்டா?" தெரியவில்லை என்றால் அட்டைப்பெட்டியில் படிக்கச் சொல்லுங்கள்.


மறுமொழி: லாட்ஜ் கவுன்ட்டர், காந்தி ரோடு

ஸ்க்ரூடிரைவர் தம்பி சொல்வது அவர் தொழிலிலிருந்து சொல்வது. அவரிடம் கெட்டுப்போனது மட்டும்தான் போகும், நன்றாக ஓடுவது அவர் கண்ணில் படாது.

நான் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் ஒரு லாட்ஜில் கவுன்ட்டரில் இருக்கிறேன். எங்கள் கவுன்ட்டர் முழங்கை அகலம்தான். கல்கத்தா, ஜார்க்கண்ட், அசாம் என்று காட்பாடியில் இறங்கி நேராக வருகிறவர்கள், கையில் பெட்டி, ஸ்கேன் கவர், தூங்கி விழுகிற குழந்தை. அந்த நேரத்தில் கவுன்ட்டர்மேல் ஒயர் தொங்கினால் யாராவது இழுத்துவிடுவார்கள். முன்பு இருந்த சிபியுவின் பவர் ஒயரைக் காலால் தட்டி அணைத்தவர்கள் கணக்கில் அடங்கார். ஆல் இன் ஒன் வந்த பிறகு அந்தப் பேச்சே இல்லை. வங்கதேசத்துக்காரர்கள் வந்து தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் விவரத்தை (சி ஃபார்ம் என்போம்) ஆன்லைனில் ஏற்ற வேண்டும், போட்டோ வேண்டும். திரைமேலேயே கேமரா இருக்கிறது, நிற்க வைத்து எடுத்து முடித்துவிடுவேன்.

அப்புறம் இந்த மினி பிசி ஆட்கள் கூட்டல் போடும்போது சிலதை விட்டுவிடுவார்கள். ஆல் இன் ஒன்னில் கேமரா, மைக், ஸ்பீக்கர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் கூடவே வரும். மினிக்கு ஒவ்வொன்றும் தனி. குறைந்த விலை மானிட்டரில் ஸ்பீக்கர் இருக்காது, பாட்டு கேட்க அல்ல, பையனுடைய ஆன்லைன் வகுப்புக்காவது வேண்டுமே. மினிக்கு ஒரு அடாப்டர், மானிட்டருக்கு ஒரு பிளக், ஸ்பீக்கருக்கு ஒன்று. மேஜைக்கு அடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் பஞ்சு. மேடம் சொன்ன மேஜையில் பாதி தையல் மிஷின். ஒரே ஒயர் என்று அவர் உறவுக்காரர் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்று வருட வாரன்டி வீட்டுக்கு வந்து பார்ப்பதாக இருந்தால் ஆல் இன் ஒன் வாங்கலாம் என்பது என் கருத்து. ஒரு வருடம்தான் என்றால் யோசியுங்கள்.


மறுமொழி: கணக்குப்பிள்ளை, குடியாத்தம்

இரண்டு பேருக்கும் நன்றி. காந்தி ரோடு சார், ஒயர் விஷயம் எனக்கும் உறுத்துகிறது. ஜன்னல் பக்கம் ஒரே பிளக் பாயின்ட், அதிலும் தையல் மிஷின் மோட்டார். ஆனால் கேமரா எனக்கு எதற்கு? பார்ட்டிகள் பில்லை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்து வாசலில் கொடுப்பவர்கள், வீடியோ காலில் வரப்போவதில்லை. வகுப்பு என்றால் பையன் போனில் பார்த்துக்கொள்வான்.

ஸ்க்ரூடிரைவர் தம்பி, கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். 38,500 மாடல் 1215யு. ரேம் இரண்டு ஸ்லாட், ஒன்று காலி. எச்டிஎம்ஐ அவுட் மட்டும். வாரன்டி ஒரு வருடம், கூடுதல் இரண்டு வருடத்துக்குத் தனியாகக் காசு. "இன்னா அவுட்டா" என்று கேட்டதும் அவர் இரண்டு தடவை உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார்.

டாட் மேட்ரிக்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே. பார்ட்டிகளில் இருவர் மூன்று காப்பி கார்பன் பில்தான் வேண்டும் என்று பிடிவாதம்.


மறுமொழி: பிருந்தாவன் பயணி

அக்கா, சொந்த ஊர் காட்பாடி, வேலை பெங்களூர். மூன்றாவதாக ஒரு வழி சொல்கிறேன். பெரிய கம்பெனிகள் குத்தகை முடிந்து மொத்தமாகத் தள்ளிவிடுகிற சின்ன டெஸ்க்டாப்புகள் இங்கே எஸ்பி ரோட்டிலும் சென்னை ரிச்சி தெருவிலும் குவிந்து கிடக்கின்றன. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி. மூன்றும் சுமார் ஒரு லிட்டர் கொள்ளளவு, மானிட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆபீஸில் வருடக்கணக்கில் அணைக்காமல் ஓடுவதற்கென்றே செய்த சாமான், கட்டுமானம் புது மலிவு டப்பாக்களைவிட உறுதி.

ஐ5-8500டி போட்டது எடுங்கள். ஆறு கோர். நான் என் அப்பாவுக்கு டைனி ஒன்று 16 ஜிபியோடு 14,000க்கு வாங்கினேன், பேங்க் பென்ஷன் பாஸ்புக்கிலிருந்து பஞ்சாங்கம்வரை அதில்தான் பார்க்கிறார். பின்னால் ஒரே ஒரு ஸ்க்ரூ, கழற்றினால் மேல்மூடி வழுக்கிக்கொண்டு வரும், பஞ்சு துடைக்க இதைவிட வசதி கிடையாது. அடாப்டரும் அதே கம்பெனி லேப்டாப்புக்கு வருகிற செவ்வகப் பின் அடாப்டர்தான், எங்கும் கிடைக்கும்.

ஒரே எச்சரிக்கை: இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே எது காட்டினாலும் வேண்டாம். விண்டோஸ் 10க்கு வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு நின்றது. விண்டோஸ் 11 முறைப்படி எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆறு, ஏழாம் தலைமுறை மிஷின்களில் வளைத்து நெளித்து 11ஐ ஏற்றி "லேட்டஸ்ட் விண்டோஸ் சார்" என்று விற்கிறார்கள். பேங்க் வேலை, டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் செய்கிற மிஷினில் அது வேண்டாம்.


மறுமொழி: ஸ்க்ரூடிரைவர், வேலூர்

பயணி தம்பி சொன்ன டைனி நல்ல சாமான், மறுக்கவில்லை. அப்பாவுக்கு வாங்கினால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அக்காவுக்குச் சொல்ல மாட்டேன். அது ஏற்கனவே ஓடித் தேய்ந்த மிஷின், எந்த ஆபீஸில் எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது. வாரன்டி என்று கடைக்காரர் பில்லில் எழுதிக் கொடுப்பதைச் செல்லுபடியாக்க பெங்களூருக்கு ரயில் ஏற வேண்டும். பிழைப்பு ஓடுகிற மிஷினுக்கு அது சரிப்படாது. வாங்கியே தீருவேன் என்றால் உள்ளே வைஃபை கார்டு இருக்கிறதா என்று பாருங்கள், ஆபீஸ் மிஷின்களில் பாதிக்கு இருக்காது. எஸ்எஸ்டி எவ்வளவு எழுதித் தேய்ந்திருக்கிறது என்று கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்கிற சாஃப்ட்வேரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பயாஸில் (மிஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற அமைப்பு) பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு இருந்தால் தொடவே வேண்டாம்.

லாட்ஜ் அண்ணன் சொன்னதும் அவர் கவுன்ட்டருக்குச் சரி. ஆட்கள் வந்து மோதுகிற இடம், கேமரா வேலை உண்டு, மிஷின் நின்றால் நோட்டில் எழுதிச் சமாளிக்கலாம். அக்காவுக்கு நோட்டில் எழுதி ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒட்ட முடியாது.

டாட் மேட்ரிக்ஸ்: அந்த அகலமான கனெக்ஷன் பேரலல் போர்ட். புது மிஷின் எதிலும், ஆல் இன் ஒன்னோ மினியோ, அது இருக்காது. யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றுகிற கேபிள் விற்கிறது, வாங்கி மாட்டினால் விண்டோஸ் அதை யுஎஸ்பி பிரின்டராகப் பார்க்கும். டேலி விண்டோஸ் டிரைவர் வழியாக அடிப்பதால் பில் வந்துவிடும். பார்ட்டியில் யாராவது பழைய டாஸ் பில்லிங் சாஃப்ட்வேர் வைத்திருந்து உங்களிடம் அடிக்கச் சொன்னால்தான் வம்பு, அது நேராக எல்பிடி1, அதாவது பேரலல் போர்ட்டையே கேட்கும். அப்போது பிரின்டரை ஷேர் செய்து எல்பிடி1 ஆக மேப் பண்ண வேண்டும், செய்யலாம். பிரின்டரே ஒருநாள் மாற்றுவதாக இருந்தால் எப்சன் எல்எக்ஸ்-310 மாதிரி யுஎஸ்பி, பேரலல் இரண்டும் உள்ளதாக எடுங்கள்.

டோக்கன்: மினியில் முன்பக்கம் யுஎஸ்பி இருக்கும். ஆல் இன் ஒன்னில் பல மாடலில் எல்லாம் முதுகுப்பக்கம்தான். ஜன்னலோர மேஜையில் திரையைத் திருப்பித் திருப்பிச் செருகினால் ஸ்டாண்ட் ஆட்டம் கண்டுவிடும். இதை மட்டும் கடையில் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள்.

பையன் மினியை மானிட்டர் முதுகில் மாட்டலாம் என்றால், இதே காரணத்துக்காக விடாதீர்கள். அதோடு பல மானிட்டரில் ஸ்டாண்டே முதுகிலுள்ள நாலு ஸ்க்ரூ ஓட்டையைத்தான் (வெசா என்பார்கள்) பிடித்திருக்கும், இரண்டையும் ஒன்றாக மாட்ட இடம் இருக்காது. மேஜை ஓரத்தில், தறிப் பக்கத்து ஜன்னலுக்கு எதிர்ப்புறம் வையுங்கள், மேலே துணி போர்த்தாதீர்கள். நம் ஊர் கத்திரி வெயிலில் அறையே நாற்பதைத் தொடும்போது அதற்குக் காற்று வேண்டும்.

கரண்ட்: இன்வெர்ட்டரின் பின்னால் அல்லது பக்கவாட்டில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், யுபிஎஸ், ஈகோ என்றோ யுபிஎஸ், நார்மல் என்றோ எழுதியிருக்கும். ஈகோவில் இருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறுகிற நேரம் கொஞ்சம் அதிகம், லைட்டும் ஃபேனும் கண்டுகொள்ளாது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் பக்கம் தள்ளினால் மாறுவது வேகம். ஆனால் அந்த நிலையில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே பேட்டரிக்குப் போய்விடும், சாயங்காலம் தறியும் மோட்டாரும் ஓடுகிற தெருவில் பேட்டரி சும்மா சும்மா தேயும். ஆகவே இன்வெர்ட்டரை ஈகோவில் விட்டுவிட்டு, கம்ப்யூட்டருக்கு மட்டும் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வையுங்கள். மினியும் மானிட்டரும் சேர்ந்து இழுப்பது பழைய சிபியுவைவிட ரொம்பக் குறைவு, நிதானமாக சேவ் பண்ணி மூடலாம். ஒயர் பிரச்சினையும் அதிலேயே தீரும்: மினி, மானிட்டர் இரண்டும் யுபிஎஸ்ஸின் பின்னால், சுவரிலிருந்து வருவது ஒரே ஒயர். பிரின்டரை மட்டும் அதில் போடாதீர்கள்.


மறுமொழி: லாட்ஜ் கவுன்ட்டர், காந்தி ரோடு

யுபிஎஸ் என்று ஒரு பெட்டி சேர்ந்துவிட்டதே தம்பி, அதையும் கூட்டுங்கள். ஆனால் மூன்று வருட வாரன்டிக்குத் தனிக் காசு என்று மேடம் சொன்ன பிறகு நானும் வாதாடப் போவதில்லை. 38,500ஏ பட்ஜெட்டுக்கு மேலே, அதையும் சேர்த்தால் இன்னும் தாண்டிப் போகிறது.


மறுமொழி: கணக்குப்பிள்ளை, குடியாத்தம்

வாங்கிவிட்டேன். மினிதான். 1215யு, 16 ஜிபி, 512, விண்டோஸ் 11 கம்பெனியே போட்டது, மூன்று வருட வாரன்டி, 25,800. மானிட்டர் 22 இன்ச், 7,000க்குக் குறைத்தார்கள். யுபிஎஸ், கேபிள் எல்லாம் சேர்த்து 36 ஆயிரத்து சொச்சம். கீபோர்டு, மவுஸ் பழையதே. நாத்தனார் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு "இதுல கம்ப்யூட்டர் எங்கம்மா?" என்றார்.

என்100 டப்பாவும் கடையில் ஓடிக்கொண்டிருந்தது, அதில் என் பென் டிரைவைப் போட்டு ஒரு வருட பேங்க் ஸ்டேட்மென்ட் எக்செலைத் திறந்து பார்த்தேன். திறந்தது. பிரவுசரில் நாலைந்து பக்கம் திறந்துவிட்டு மறுபடி எக்செலில் ஃபில்டர் போட்டதும் கொஞ்சம் நின்று யோசித்தது. மார்ச் மாதம் இதோடு மல்லுக்கட்ட முடியாது என்று விட்டுவிட்டேன். வெறும் டேலி மட்டும் என்றால் அதையே எடுத்திருப்பேன், பத்தாயிரம் மிச்சம்.

இரண்டு சந்தேகம். ஒன்று, டேலி லைசென்ஸ் செத்துப்போன பழைய சிபியுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பழைய மிஷினில் சரண்டர் செய்து, அதாவது விடுவித்துவிட்டுத்தான் வேறு மிஷினில் போட முடியும் என்கிறார்கள், அது ஆன் ஆனால்தானே சரண்டர் செய்ய. தம்பி லேப்டாப்பில் இதுவரை லைசென்ஸ் இல்லாத எஜுகேஷன் மோடில் ஒப்பேற்றினேன். இரண்டு, முதல்முறை ஆன் செய்தபோது மைக்ரோசாஃப்ட் ஈமெயில் கேட்டது, பையன் அவன் ஈமெயிலைப் போட்டுவிட்டான். பரவாயில்லையா?


மறுமொழி: ஸ்க்ரூடிரைவர், வேலூர்

லைசென்ஸ் பெரிய விஷயம் இல்லை. மிஷின் செத்து சரண்டர் செய்ய முடியாதவர்களுக்காகவே ரீசெட் செய்கிற வழி வைத்திருக்கிறார்கள். சீரியல் நம்பரும், லைசென்ஸ் எந்த ஈமெயிலில் பதிவானதோ அதன் பாஸ்வேர்டும் கையில் இருந்தால் போதும். ஈமெயில் அந்தக் காலத்தில் விற்றவர் பெயரில் இருந்தால் அவரிடம் முதலில் பேசி உங்கள் பெயருக்கு மாற்றுங்கள், 11ஆம் தேதிக்கு முன்னாடி.

இரண்டாவது பரவாயில்லை இல்லை. விண்டோஸ் 11 மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் நுழைந்ததும் நிறைய மிஷின்களில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடும், கேட்காது. பூட்டிய எஸ்எஸ்டியை நாளைக்குக் கழற்றி வேறு மிஷினில் போட்டால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது இப்போது பையனின் அக்கவுன்ட்டில் இருக்கும். அவன் பாஸ்வேர்டை மறந்தால் கணக்கு மொத்தமும் உள்ளேயே. நான் மினிக்குச் சொன்ன காரணமே பாகத்தைப் பிரித்து மாட்டலாம் என்பதுதான், இந்தக் கீ இல்லாமல் அதில் பாதி போய்விடும். உங்கள் பெயரில் ஒரு அக்கவுன்ட் போட்டு, அட்மின் ஆக்கி, கீயை பிரின்ட் எடுத்து பத்திரங்கள் வைக்கிற இடத்தில் வையுங்கள். டாட் மேட்ரிக்ஸிலேயே அடிக்கலாம், கேபிள் வேலை செய்கிறதா என்றும் தெரிந்துவிடும்.